கருந்துளையைப் பார்த்தால் என்ன தெரியும்?

நமக்குத் தெரிந்த கருந்துளைகளில் மிக அருகில் இருப்பது, கையா விண்கலத்தின் தரவுகளைக் கொண்டு 2022-இல் கண்டறியப்பட்ட கையா பிஎச்1. பூமியிலிருந்து சுமார் 1560 ஒளியாண்டுத் தொலைவில், சூரியனைப் போல் ஏறத்தாழ 9.6 மடங்கு நிறையுடன் அது இருக்கிறது. எந்தத் தொலைநோக்கியாலும் அதை இதுவரை பார்க்க முடிந்ததில்லை. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன், எதுவுமே இல்லாததுபோல் தோன்றும் ஓர் இடத்தை 186 நாள்களுக்கு ஒருமுறை சுற்றி வருவதை வைத்தே அங்கே ஒரு கருந்துளை இருப்பதை வானியலாளர்கள் உறுதி செய்தார்கள். ஆனால் 5.5 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள எம்87 விண்மீன் மண்டலத்தின் மையக் கருந்துளையோ, 2019 ஏப்ரல் 10 அன்று படமாக வெளியிடப்பட்டு உலகெங்கும் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் இடம்பெற்றது. அருகில் இருப்பது தெரியாமல் தொலைவில் இருப்பது தெரிவதற்கு, பின்னது பிரம்மாண்டமானது என்பது ஒரு காரணம். அதைவிட அடிப்படையான காரணம், எம்87-இன் கருந்துளையைச் சுற்றி ஒளிர்வதற்கு வாயு இருக்கிறது, கையா பிஎச்1-ஐச் சுற்றி அநேகமாக எதுவும் இல்லை என்பதே.

கருந்துளையின் படம் என்று நாம் எதைச் சொன்னாலும் அது வாயுவின் படம்தான். வாயு வெளியிடும் ஒளியைக் கருந்துளையின் ஈர்ப்பு வளைத்து, தடுத்து, பங்கிட்டு அனுப்புகிறது. நம்மிடம் வந்து சேர்வது இவ்விரண்டும் கலந்த ஒன்று. ஆகவே இத்தகைய படம் எதைப் பார்த்தாலும் அதில் எது வாயுவினால் ஆனது, எது ஈர்ப்பினால் ஆனது என்று பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. பிரகாசம், நிறம், நேரத்துக்கு நேரம் மாறும் துடிப்பு ஆகியவை பெரும்பாலும் வாயுவைச் சேர்ந்தவை. நடுவில் உள்ள இருளின் அளவும் அதைச் சுற்றிய வளையத்தின் வடிவமும் பெரும்பாலும் ஈர்ப்பைச் சேர்ந்தவை. இந்தப் பாகுபாடு கைவசம் இல்லாவிட்டால் திரைப்படத்தில் கண்ட கருந்துளையும், செய்தித்தாளில் வந்த ஆரஞ்சு நிற வளையமும், பாடநூலில் உள்ள வரைபடமும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகவே தோன்றும்.

முதலில் வாயுவே இல்லாத கருந்துளையை எடுத்துக்கொள்வோம். சுழலாத கருந்துளையின் நிகழ்வெல்லை, அதாவது உள்ளே சென்ற ஒளி திரும்ப முடியாத எல்லை, சூரிய நிறை ஒன்றுக்குச் சுமார் 3 கிலோமீட்டர் ஆரம் என்ற கணக்கில் அமைகிறது. கையா பிஎச்1-க்கு அது ஏறத்தாழ 28 கிலோமீட்டர். ஆனால் பாதுகாப்பான தொலைவில் ஒரு விண்கலத்தை நிறுத்தி அதைப் பார்க்கும் ஒருவருக்குத் தெரியும் கரிய வட்டத்தின் ஆரம் 28 கிலோமீட்டராக இராது, சுமார் 74 கிலோமீட்டராக இருக்கும். நிகழ்வெல்லையின் ஆரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தொலைவில் ஒளியே வட்டப் பாதையில் சுற்றக்கூடிய ஒரு பரப்பு இருக்கிறது; அதை ஒளிக்கோளம் என்கிறார்கள். வெளியிலிருந்து வரும் ஒளிக்கதிர், நிகழ்வெல்லையைப் போல் சுமார் 2.6 மடங்கு தொலைவுக்குள் குறிவைத்து வந்தால், ஒளிக்கோளத்தைத் தாண்டி உள்ளே இழுக்கப்பட்டுவிடும். எனவே அந்த வட்டத்துக்குள் நோக்கும் கண்ணுக்கு, கருந்துளையின் பின்னாலிருந்து எந்த ஒளியும் வராது. இந்த இருளைத்தான் கருந்துளையின் நிழல் என்கிறார்கள். சுழலும் கருந்துளையின் நிழல் எப்படி இருக்கும் என்பதை ஜேம்ஸ் பார்டீன் 1973-இல் கணக்கிட்டுக் காட்டினார். சுழற்சி அதை ஒரு பக்கம் சற்றே தட்டையாக்கும். ஆனால் அளவைச் சில விழுக்காட்டுக்கு மேல் பெரிதாக மாற்றாது. இருள் என்பது துளையைவிடப் பெரியது என்ற இந்தச் செய்தி பின்னால் மிகவும் பயன்படப் போகிறது.

நிழலின் விளிம்பை ஒட்டிய பகுதிதான் விசித்திரமானது. விளிம்புக்குச் சற்று வெளியே வரும் கதிர்கள் கருந்துளையைப் பாதியோ, முழுதோ, இரண்டு முறையோ சுற்றிவிட்டு வெளியேறும். ஆகவே பின்னணியில் உள்ள ஒவ்வொரு விண்மீனும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தோன்றும், விளிம்பை நெருங்க நெருங்க அந்தப் பிம்பங்கள் நசுங்கி நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். பார்ப்பவரின் கலத்திலிருந்து கிளம்பிய ஒளியே ஒரு சுற்று வளைந்து அவரிடமே திரும்பி வரும் ஒரு மெல்லிய வளையமும் அங்கே உண்டு. ஒளிக்கோளத்தின் தொலைவில் உந்துவிசையைச் செலுத்தி அசையாமல் நிற்க முடிந்தவருக்கோ வானத்தின் சரிபாதி கருப்பாகவே இருக்கும். இவை அனைத்தும் வெறும் வடிவவியல்தான். இங்கே ஒளிர்வது பின்னணி விண்மீன்கள் மட்டுமே என்பதால், 1560 ஒளியாண்டு தள்ளி இருக்கும் நமக்கு இதில் ஒன்றும் தெரியாது.

வாயு வந்ததும் காட்சி அடியோடு மாறுகிறது. விழும் வாயுவிடம் சிறிதளவாவது சுழற்சி இருந்தே தீரும்; அதனால் அது நேராக விழாமல் வட்டமிட்டு, உராய்ந்து, சூடேறி, மெல்ல உள்நோக்கி நகர்கிறது. அது மெல்லிய, ஒளி ஊடுருவாத தட்டாக அமைந்தால் எப்படித் தெரியும் என்பதை முதன்முதலில் வரைந்து காட்டியவர் பிரெஞ்சு வானியற்பியலாளர் ழான்-பியேர் லூமினே. ஆண்டு 1979. பாரீஸ் வானாய்வகத்தின் மியூதோன் வளாகத்தில், துளையட்டைகளால் இயங்கிய ஐபிஎம் 7040 கணினியில் அவர் ஒளிப்பாதைகளைக் கணக்கிட்டார். அந்தக் கணினிக்குப் படம் வரையத் தெரியாது. கிடைத்த எண்களை வைத்துக்கொண்டு எங்கே ஒளி அதிகமோ அங்கே அடர்த்தியாகவும், எங்கே குறைவோ அங்கே ஐதாகவும் கறுப்பு மையால் புள்ளி புள்ளியாகக் கையாலேயே வைத்து, அதன் எதிர்ப்படிவத்தை எடுத்து வெளியிட்டார். கணினி வரைகலை பெருகியபின் வந்த எத்தனையோ வண்ணப் படங்கள் அந்தக் கையால் வரைந்த படத்தில் பெரிதாக எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

லூமினே, தட்டின் தளத்துக்கு மேல் 10 பாகை உயரத்திலிருந்து, அதாவது கிட்டத்தட்டப் பக்கவாட்டிலிருந்து, பார்ப்பவரின் காட்சியை வரைந்தார். சனிக்கோளை அந்தக் கோணத்தில் பார்த்தால் அதன் வளையத்தின் பின்பகுதி கோளுக்குப் பின்னால் மறைந்துவிடும். கருந்துளையின் பின்னால் உள்ள தட்டோ மறைவதில்லை. அதன் மேற்பரப்பிலிருந்து மேல்நோக்கிக் கிளம்பிய ஒளி கருந்துளையின் தலைக்கு மேலாக வளைந்து நம்மிடம் வருவதால், பின்பகுதி நிமிர்ந்து நிற்கும் வளைவு போல மேலே தெரிகிறது. அதே பின்பகுதியின் அடிப்பரப்பிலிருந்து கிளம்பிய ஒளி கீழே வளைந்து வந்து, நிழலுக்கு அடியில் மெலிந்த இரண்டாம் வளைவாகத் தெரிகிறது. தட்டு வளைந்திருக்கவில்லை, அது தட்டையாகவே இருக்கிறது. அதன் மேற்பரப்பையும் அடிப்பரப்பையும் ஒரே இடத்தில் நின்று ஒருங்கே பார்க்க முடிகிறது, அவ்வளவே.

அந்தப் படத்தின் இன்னொரு கூறு அதன் ஓரச்சார்பு. ஒரு பக்கம் கண்ணைப் பறிக்கும் ஒளி, மறுபக்கம் மங்கல். சுழலாத கருந்துளையில் நிகழ்வெல்லையின் மூன்று மடங்கு ஆரத்துக்கு உள்ளே நிலையான வட்டப் பாதை கிடையாது. அந்த உள் விளிம்பில் வாயு ஒளியின் வேகத்தில் பாதி வேகத்தில் ஓடுகிறது. பக்கவாட்டிலிருந்து பார்ப்பவரை நோக்கி வரும் பக்கத்தின் ஒளி, டாப்ளர் விளைவால் ஏறக்குறைய 1.41 மடங்கு அதிர்வெண் கூடியும், விலகிச் செல்லும் பக்கத்தின் ஒளி 0.47 மடங்காகக் குறைந்தும் வருகிறது. ஈர்ப்பினால் ஏற்படும் சிவப்புப் பெயர்ச்சியும் (அதாவது அதிர்வெண் குறைவும்) இந்த எண்களில் அடங்கியிருக்கிறது. பரப்பின் மொத்தப் பிரகாசம் இந்த விகிதத்தின் நான்காம் அடுக்காக மாறுவதால், ஒளி வளைவதைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால்கூட, இரு பக்கங்களுக்கும் இடையே 81 மடங்கு வேறுபாடு வந்துவிடுகிறது. அதாவது, ஒரே வெப்பநிலையில் உள்ள ஒரே தட்டின் இரு பாதிகளில் ஒன்று கிட்டத்தட்டக் காணாமலே போகும்.

பெரும்பாலான வாசகர்களின் மனத்தில் இருக்கும் கருந்துளை, 2014-இல் வெளியான இன்டர்ஸ்டெல்லர் திரைப்படத்தினுடையது. இயற்பியலாளர் கிப் தோர்ன் உடனிருந்து ஒளிப்பாதைச் சமன்பாடுகளை அமைத்துத் தந்ததால் அதன் வடிவம் நம்பத்தகுந்தது. மேலே எழும் வளைவும் கீழே உள்ள வளைவும் லூமினே வரைந்த அதே வளைவுகள்தான். ஆனால் இந்த ஓரச்சார்பைப் படக்குழுவினர் வேண்டுமென்றே நீக்கிவிட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் ஒளிரும் வட்டைப் பார்வையாளர்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்ற எண்ணம் அதற்குக் காரணம். தட்டின் வெப்பநிலையையும் சூரியப் பரப்பைவிடக் குறைவாகச் சுமார் 4500 கெல்வின் என்று வைத்துக்கொண்டார்கள். இல்லாவிட்டால் அருகே செல்லும் கதாபாத்திரங்கள் எரிந்துபோயிருப்பார்கள். இந்த மாற்றங்களை மறைக்காமல் 2015-இல் ஆய்விதழ்க் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். ஆகவே குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் 2019-இல் உண்மையான படம் வந்தபோது பலருக்கு ஏமாற்றமாக இருந்ததற்கு இந்தத் திரைக் கருந்துளையும் ஒரு காரணம்.

உண்மையில் அந்த இரண்டுக்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடு தெளிவின்மை அல்ல. எம்87-இலும் நம் பால்வீதியின் மையத்தில் உள்ள தனுசு ஏ* கருந்துளையிலும் அத்தகைய மெல்லிய தட்டே கிடையாது என்பதுதான் அது. வாயு ஏராளமாக விழும்போதுதான் அது அடர்ந்து, வெப்பத்தை ஒளியாக உடனுக்குடன் வெளியேற்றி, தட்டையாகப் படிகிறது. வாயு மிகக் குறைவாக விழும்போது வேறொன்று நடக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதே அரிதாகிவிடுவதால், விழுவதால் கிடைக்கும் ஆற்றலைப் பெரிதும் பெற்றுக்கொள்ளும் அயனிகள் அதை எலெக்ட்ரான்களுக்குக் கைமாற்ற நேரம் கிடைப்பதில்லை. ஒளியை வெளியிடும் வேலை எலெக்ட்ரான்களுடையது. அயனிகளோ அந்த வெப்பத்தை அப்படியே சுமந்துகொண்டு நிகழ்வெல்லைக்குள் போய்விடுகின்றன. வெப்பத்தை இழக்க முடியாத வாயு உப்பிப்போய், தட்டாக இல்லாமல் கருந்துளையைச் சூழ்ந்த பருமனான மூட்டமாக நிற்கிறது. 1977-இல் ஜப்பானிய இயற்பியலாளர் இச்சிமாரு இக்கருத்தை முன்வைத்தார். அது பெரிதும் கவனிக்கப்படாமலே கிடந்தது. 1990-களின் நடுவில் ரமேஷ் நாராயணும் இன்சு யியும் அதை முழுமையான கோட்பாடாக வளர்த்தெடுத்து, தனுசு ஏ* ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்ற பழைய புதிருக்குப் பொருத்திக் காட்டினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இளங்கலை படித்து, பின்னர் ஹார்வர்டில் பேராசிரியரான ரமேஷ் நாராயண், கருந்துளைகளின் வாயுவைப் பற்றி இன்று யார் எழுதினாலும் தவிர்க்க முடியாத பெயர்.

இந்தக் கோட்பாட்டில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. வெப்பத்தைச் சுமந்துகொண்டு விழும் வாயு ஒரு கெட்டியான பரப்பின் மேல் மோதினால், அந்த வெப்பம் எல்லாம் அங்கே ஒளியாக வெளிப்பட்டே ஆக வேண்டும். நியூட்ரான் விண்மீனில் அப்படித்தான் நடக்கிறது. வாயுவைக் குறைவாகப் பெறும் நியூட்ரான் விண்மீன்களைவிட, அதே நிலையில் உள்ள கருந்துளைகள் எக்ஸ் கதிர்களில் பல மடங்கு மங்கலாகத் தெரிவதை நாராயணும் அவருடைய சகாக்களும் 1997-இல் சுட்டிக்காட்டினார்கள். படம் எதுவும் எடுக்காமலே, மங்கலை வைத்து நிகழ்வெல்லைக்கு ஒரு சான்று சொன்ன வாதம் அது.

எம்87 கருந்துளையை ஒட்டிய வாயுவின் அடர்த்தி, அதைப் படமெடுத்த ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப் என்ற தொலைநோக்கிக் கூட்டமைப்பின் மதிப்பீட்டின்படி, ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் முதல் ஒரு கோடி எலெக்ட்ரான்கள். நாம் சுவாசிக்கும் காற்றின் ஒரு கன சென்டிமீட்டரில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை இருபதில் பதினெட்டுச் சுழியங்களைச் சேர்த்ததற்கும் மேல் என்பதை நினைத்தால், நம் கணக்கில் அது வெற்றிடம்தான். ஆனால் எலெக்ட்ரான்களின் வெப்பநிலை ஆயிரம் கோடி கெல்வினுக்கும் மேல். காந்தப்புலம் 1 முதல் 30 காஸ், அதாவது பூமியின் காந்தப்புலத்தைப் போல் சில மடங்கிலிருந்து சில பத்து மடங்கு வரை. கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பறக்கும் இந்த எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழலும்போது வெளியிடும் கதிர்வீச்சே நாம் பார்ப்பது. இந்த வாயு 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் பெரும்பாலும் ஒளி ஊடுருவக்கூடியது. ஆகவே அதன் மேற்பரப்பு என்று ஒன்று நமக்குத் தெரிவதில்லை. மூட்டம் முழுவதையும் ஊடுருவி, ஒவ்வொரு கதிரும் தன் பாதை நெடுகச் சேர்த்துக்கொண்டு வந்த ஒளியையே காண்கிறோம்.

அப்படியானால் எல்லாப் பக்கமும் மூடியிருக்கும் மூட்டத்தின் நடுவில் இருள் எப்படித் தெரிகிறது? கருந்துளைக்கு முன்னாலும் வாயு இருக்கிறதே, அது ஒளிராதா? நியாயமான கேள்வி. ஒளிரத்தான் செய்கிறது, அதனால்தான் படத்தின் நடுப்பகுதி முழுக் கருப்பாக இல்லை. ஆனால் நிழலுக்குள் நோக்கும் ஒவ்வொரு கதிரையும் பின்னோக்கித் தொடர்ந்தால் அது நிகழ்வெல்லையில் முடிந்துவிடுகிறது. அதன் பாதையில் முன்பக்க வாயு மட்டுமே உண்டு, அந்த வாயுவும் நம்மைவிட்டு விலகி உள்ளே பாய்ந்துகொண்டிருப்பதால் அதன் ஒளி நலிந்தே வருகிறது. நிழலின் விளிம்பை ஒட்டிய கதிரோ கருந்துளையைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பதால், மிக நீண்ட பாதையில் வாயுவின் ஒளியைத் திரட்டிக்கொண்டு வருகிறது. குறுகிய பாதை மங்கலாகவும், நீண்ட பாதை பிரகாசமாகவும் தெரிகிறது. நாராயண், மைக்கேல் ஜான்சன், சார்லஸ் கேமி ஆகிய மூவரும் 2019-இல் இதை மிக எளிய வடிவில் சோதித்தார்கள். சுழற்சியே இல்லாமல் எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக விழும் வாயுவைக் கற்பனை செய்து கணக்கிட்டபோதும் நிழல் அதே இடத்தில், அதே அளவில் வந்தது. வாயு உள்ளே எந்தத் தொலைவு வரை ஒளிர்கிறது என்பதை மாற்றியபோதும் நிழலின் விளிம்பு நகரவில்லை. இருளின் அளவு வாயுவின் நடத்தைக்குக் கட்டுப்பட்டதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

இந்த அடிப்படையில்தான் எம்87-ஐப் பார்க்க வேண்டும். அங்கே எதிர்பார்க்கப்பட்ட நிழலின் கோண அளவு ஏறத்தாழ 40 மைக்ரோ வில்விநாடி. ஒரு பாகையை 3600 பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்து லட்சம் பங்காக்கினால் வருவது ஒரு மைக்ரோ வில்விநாடி. அத்தகைய 40 மைக்ரோ வில்விநாடி அளவைக் காண்பது, நிலாவின் தரையில் வைத்த ஒரு சாத்துக்குடியைப் பூமியிலிருந்து பார்ப்பதற்குச் சமம். 1.3 மில்லிமீட்டர் அலைகளில் அவ்வளவு நுணுக்கம் வேண்டுமென்றால் தொலைநோக்கியின் குறுக்களவு பூமியின் அளவுக்கு இருக்க வேண்டும். சிலி, ஹவாய், அரிசோனா, மெக்சிகோ, ஸ்பெயின், தென்துருவம் ஆகிய ஆறு இடங்களிலுள்ள எட்டு ரேடியோ தொலைநோக்கிகள் 2017 ஏப்ரலில் அணுக் கடிகாரங்களின் துணையோடு ஒரே நேரத்தில் பதிவு செய்த அலைகளைப் பின்னர் ஒன்றுசேர்த்ததன் மூலம் அந்தக் குறுக்களவு பெறப்பட்டது. தரவுகள் இணையத்தில் அனுப்பக்கூடிய அளவில் இல்லை. அரை டன் எடையுள்ள வன்தட்டுகளில் நிரப்பி, அமெரிக்காவின் ஹேஸ்டேக் ஆய்வகத்துக்கும் ஜெர்மனியின் பான் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்கும் விமானத்தில் கொண்டு சென்றார்கள். தென்துருவத்தின் வன்தட்டுகள் அங்கே குளிர்காலம் முடிந்து விமானங்கள் பறக்கத் தொடங்கும் வரை பல மாதங்கள் காத்திருந்தன. இத்தனைக்கும் எம்87 வட வானத்தில் இருப்பதால் தென்துருவத் தொலைநோக்கியின் பார்வைக்கே அது வராது. அந்தத் தரவு, மற்ற அளவீடுகளைச் சரிபார்க்கவும் தனுசு ஏ*-ஐப் பார்க்கவும் தேவைப்பட்டது.

எட்டுத் தொலைநோக்கிகள் பூமியளவு ஆடியின் சில புள்ளிகளை மட்டுமே நிரப்புகின்றன. எனவே கிடைத்த தரவோடு பொருந்தக்கூடிய படங்கள் பல இருக்க முடியும். எதிர்பார்ப்பே படமாகிவிடக் கூடாது என்பதற்காக நான்கு குழுக்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாமல் 2018-இல் தனித்தனியே படத்தை உருவாக்கின. நான்கிலும் வளையம் வந்தது. அதன் விட்டம் 42 மைக்ரோ வில்விநாடி. ஆரஞ்சு நிறம் பிற்பாடு சேர்க்கப்பட்டது. ரேடியோ அலைக்கு நிறம் கிடையாது, எங்கே செறிவு அதிகம் என்பதைக் காட்டவே அந்த வண்ணம். வளையத்தின் தென்பகுதி பிரகாசமாக இருப்பதோ உண்மையானது. எம்87-இலிருந்து குறுகிய கற்றையாகப் பீறிடும் தாரை நம் பார்வைக் கோட்டுக்குச் சுமார் 17 பாகை மட்டுமே சாய்ந்து நம்மை நோக்கி வருகிறது. அதாவது நாம் ஏறக்குறைய மேலிருந்து கீழாகப் பார்க்கிறோம். அந்தச் சிறு சாய்வே, தெற்கில் நம்மை நோக்கி வரும் வாயுவைப் பிரகாசமாக்கப் போதுமானதாக இருக்கிறது. லூமினேயின் படத்தில் கண்ட அதே ஓரச்சார்புதான் இது. தலைக்கு மேல் எழும் வளைவு இதில் இல்லாததற்கும் பார்வைக் கோணமே காரணம்.

அதற்கு முன்பு எம்87 கருந்துளையின் நிறையைப் பற்றி ஒரு சச்சரவு இருந்தது. சற்றுத் தொலைவில் சுழலும் வாயுவின் வேகத்தை அளந்தவர்கள் 350 கோடி சூரிய நிறை என்றார்கள். விண்மீன்களின் வேகத்தை அளந்தவர்கள் 660 கோடி என்றார்கள். வளையத்தின் அளவு நிறையைத் தொலைவால் வகுத்ததற்கு நேர்விகிதமாக இருப்பதால், 42 மைக்ரோ வில்விநாடி என்ற ஒரே எண் 650 கோடி என்ற விடையைத் தந்து அந்தச் சச்சரவைத் தீர்த்து வைத்தது. நிகழ்வெல்லையின் விட்டம் சுமார் 3800 கோடி கிலோமீட்டர். வளையம் அதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். இங்கே வாயுவின் இயக்கம் வழிதவறச் செய்தது, ஈர்ப்பின் வடிவவியல் சரியான வழியைக் காட்டியது என்று சொல்லலாம்.

இந்தப் பாகுபாட்டுக்குக் காலமும் சாட்சி சொன்னது. 2018 ஏப்ரலில், கிரீன்லாந்துத் தொலைநோக்கியும் சேர்ந்துகொண்ட நிலையில், எடுக்கப்பட்ட தரவுகளின் படம் 2024 ஜனவரியில் வெளியானது. வளையத்தின் விட்டம் மாறவே இல்லை. பிரகாசமான பகுதி மட்டும் சுமார் 30 பாகை நகர்ந்திருந்தது. நகர்ந்தது கொந்தளிக்கும் வாயு; நகராமல் நின்றது ஈர்ப்பு வகுத்த விளிம்பு. இடையில் 2021-இல் வெளியான தளவிளைவுப் படம், அதாவது ஒளியலைகள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்பதைக் காட்டும் படம், வளையத்தின் மேல் சுருளாக ஓடும் கோடுகளாகக் காந்தப்புலத்தின் அமைப்பையும் காட்டியது. ஆண்டுக்கு அதிகபட்சம் சூரிய நிறையில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வாயுதான் உள்ளே விழுகிறது என்ற மதிப்பீடு அதிலிருந்து வந்ததுதான்.

தனுசு ஏ* நமக்கு 27,000 ஒளியாண்டுத் தொலைவில், 40 லட்சம் சூரிய நிறையுடன் இருக்கிறது. எம்87-ஐவிட ஆயிரத்தைந்நூறு மடங்குக்கும் மேல் சிறியது, இரண்டாயிரம் மடங்கு அருகில் உள்ளது. எனவே வானத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிகின்றன. தனுசு ஏ*-இன் வளையம் 52 மைக்ரோ வில்விநாடி. ஆனால் அதன் படம் 2022 மே 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிலையான கடைசிப் பாதையில் வாயு ஒருமுறை சுற்றிவர, சுழலாத கருந்துளை என்று கொண்டால், எம்87-இல் ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும், தனுசு ஏ*-இல் அரை மணி நேரம் போதும். ஓர் இரவு முழுக்கப் பதிவு செய்யும் தொலைநோக்கிகளுக்கு எம்87 அசையாமல் அமர்ந்திருந்தது. தனுசு ஏ* பதிவின்போதே முகம் மாறிக்கொண்டிருந்தது. எனவே நமக்குக் கிடைத்த படம் ஆயிரக்கணக்கான சாத்தியப் படங்களை வகைப்படுத்திச் சராசரி செய்தது. அதில் தெரியும் மூன்று பிரகாசமான முடிச்சுகளை அந்த இடங்களில் இருந்த உண்மையான பொருள்களாக எடுத்துக்கொள்ள முடியாது என்று குழுவினரே சொன்னார்கள். ஜப்பானிய தேசிய வானாய்வகத்தைச் சேர்ந்த சிலர் அதே தரவை வேறு முறையில் ஆராய்ந்து, நீள்வடிவமான அமைப்பைப் பெற்றதாக 2024-இல் வெளியிட்டார்கள். என் பார்வையில் எம்87-இன் வளையத்துக்கு இருக்கும் உறுதி தனுசு ஏ*-இன் படத்தின் நுண்விவரங்களுக்கு இன்னும் வரவில்லை; வளையத்தின் அளவு மட்டும் விண்மீன்களின் பாதைகளிலிருந்து முன்பே துல்லியமாக அறியப்பட்ட நிறையோடு நன்கு ஒத்துப்போகிறது. சிலியின் பரானால் மலையிலுள்ள பெரிய தொலைநோக்கிகளை இணைக்கும் கிராவிட்டி கருவி, 2018-இல் அகச்சிவப்பு ஒளியில் மூன்று திடீர்ப் பிரகாசங்களைக் கண்டு, அவை ஒளியின் வேகத்தில் சுமார் 30 விழுக்காட்டு வேகத்தில் சுற்றுவதைப் பதிவு செய்தது. வாயு சுற்றுவதை இவ்வளவு நேரடியாகக் கண்டது அதுவே முதல்முறை.

எந்த அலைநீளத்தில் பார்க்கிறோம் என்பதும் காட்சியை மாற்றும். எம்87-ஐ 3.5 மில்லிமீட்டர் அலைகளில் எடுத்த படம் 2023-இல் வந்தபோது வளையம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிதாகவும் தடிப்பாகவும் இருந்தது. தாரையின் அடிப்பகுதி அதோடு சேர்ந்திருப்பதும் தெரிந்தது. அந்த அலைநீளத்தில் வாயு அவ்வளவு எளிதாக ஊடுருவ விடாது என்பதால், நாம் ஈர்ப்பின் விளிம்பைக் காணாமல் வாயுவின் வெளிப்புறத்தையே காண்கிறோம். இன்னும் நீண்ட அலைகளில் நிழல் முற்றிலும் மூடிக்கொள்ளும்.

வாயு ஏராளமாக விழுவதால் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல மையங்களான குவாசர்களில் நிலைமை வேறு. அங்கேதான் லூமினே வரைந்த வகைத் தட்டு உண்மையில் இருக்கிறது. தட்டின் வெப்பநிலை கருந்துளை பெரிதாகப் பெரிதாகக் குறையும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். சில சூரிய நிறையுள்ள கருந்துளையின் தட்டு கோடி கெல்வினை எட்டி எக்ஸ் கதிர்களில் ஒளிர்கிறது. பத்துக் கோடி சூரிய நிறையுள்ளது லட்சம் கெல்வின் அளவில் புற ஊதாவில் ஒளிர்கிறது. கண்ணுக்கு இரண்டுமே நீலம் கலந்த வெண்மையாகத்தான் தெரியும்; ஆரஞ்சுத் தட்டு என்பது ஓவியர்களின் விருப்பம். இவை நமக்குப் புள்ளிகளாகவே தெரிவதால் படம் எடுக்க முடிவதில்லை. ஆனால் நிறமாலையில் அதே கதை எழுதியிருக்கிறது. இரும்பு அணு 6.4 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில் வெளியிடும் கூர்மையான எக்ஸ் கதிர்க் கோடு, எம்சிஜி-6-30-15 என்ற விண்மீன் மண்டலத்தில் 4 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் வரை நீண்டு பரந்திருப்பதை ஜப்பானின் அஸ்கா செயற்கைக்கோள் தரவுகளில் 1995-இல் கண்டார்கள். கோட்டின் உயர் பக்கத்துக் கூர்மை நம்மை நோக்கி வரும் வாயுவுடையது. இழுபட்ட வால், நிகழ்வெல்லையை ஒட்டி ஆற்றலை இழந்து தவழ்ந்து வந்த ஒளியுடையது.

கருந்துளைக்குள் விழும் பொருள் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லையில் உறைந்து நிற்கும் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. கணக்கின்படி அது சரி, காட்சியின்படி சரியல்ல. விழும் வாயுத் திரளின் ஒளி சிவந்துகொண்டே போவதோடு மிக வேகமாக நலிந்தும் போகிறது. தனுசு ஏ*-இல் ஏறக்குறைய ஒவ்வொரு நூறு நொடிக்கும் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறையும். எம்87-இல் அதற்கு இரண்டு நாள்கள் ஆகும். கையா பிஎச்1 போன்றவற்றில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. உறைந்த பிம்பம் எதையும் யாரும் பார்க்கப்போவதில்லை.

இனி எட்ட வேண்டியது வளையத்துக்குள் இருக்கும் வளையங்கள். கருந்துளையை அரைச் சுற்றுக் கூடுதலாகச் சுற்றி வந்த ஒளி, முதல் பிம்பத்துக்குள் மெல்லிய இரண்டாம் வளையமாகவும், அடுத்த அரைச் சுற்று மூன்றாம் வளையமாகவும் அமைகின்றன. சுழலாத கருந்துளையில் ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் ஏறத்தாழ 23-இல் ஒரு பங்கு தடிமன் உடையது. வாயு எப்படிக் கொந்தளித்தாலும் உள் வளையங்களின் வடிவத்தை நிறை, சுழற்சி, பார்வைக் கோணம் ஆகிய மூன்றே தீர்மானிக்கின்றன என்பதால், வாயுவை முற்றிலும் ஒதுக்கிவிட்டுக் கருந்துளையின் சுழற்சியை அளக்க அவை இடம் கொடுக்கும். 2024-இல் ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப் குழு 0.87 மில்லிமீட்டர் அலைநீளத்தில் முதல் வெற்றிகரமான சோதனையை அறிவித்தது. அதில் 19 மைக்ரோ வில்விநாடி நுணுக்கம் கிடைத்தது. உள் வளையங்களைப் பிரித்துக் காண அது போதாது. பூமியின் விட்டத்துக்குள் அடங்கும் தொலைநோக்கிகளால் இதற்குமேல் அதிகம் செல்ல முடியாது என்பதால், ஒரு தொலைநோக்கியையாவது சுற்றுப்பாதையில் நிறுத்தித் தரையிலுள்ளவற்றோடு இணைக்கும் திட்டங்கள் இப்போது முன்வைக்கப்பட்டு வருகின்றன.